மாப்பிள்ளைக்கு ஒரு வாளி குளத்து மண்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகிற பிழைகளில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதி மண்ணால் வந்தது.

புளியங்கூடலில் எங்கள் வீட்டு முன்னறையில், கிழக்குப் பார்த்த யன்னலோரம் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அம்மா கட்டிலோடு கிடந்த காலத்தில், பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது அசைகிற சாமான் வேண்டும் என்று யாழ்ப்பாண ரவுனில் வாங்கினேன். அடியில் நீலக் கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி, ஏழு மீன்கள். அந்த ஏழில் ஒன்று குராமி. சாம்பல் பூத்த நீல உடம்பு, பக்கத்துக்கு இரண்டு கறுப்புப் பொட்டு, நெஞ்சிலிருந்து இரண்டு நூல். அந்த நூலால் தடவித் தடவித்தான் அது எல்லாவற்றையும் அறியும். கண்ணாடியில் விரலை வைத்தால் நேரே வந்து, உள்ளிருந்தபடி அந்த இடத்தை நூலால் தொடும்.

அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "உனக்குத்தான் ஒண்டும் சரிவரேல்லை. எனக்கு மாப்பிள்ளை வந்திட்டார், பார்!" என்று படுத்தபடியே சிரிப்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். நாற்பத்தொன்பது வயதில் கலியாணப் பகிடி கேட்க யாருக்குத்தான் பொறுக்கும்? "சும்மா கிடவுங்கோ அம்மா" என்று குசினிக்குப் போய்விடுவேன். இப்போது அந்தப் பகிடியை ஒரு தடவை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அம்மா போன பின் மற்ற ஆறு மீன்களும் ஒவ்வொன்றாகப் போயின. மாப்பிள்ளை மட்டும் நின்றது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தால், தொட்டியின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நீந்தி வரும். அந்த வீட்டில் என்னை நோக்கி வருகிற உயிர் அது ஒன்றுதான்.

அப்படி இருக்கையில்தான் எனக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. அங்கே கணக்கு ரீச்சர் இல்லையாம். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் எடுத்து, குறிகட்டுவானில் படகேறி, அங்கே விடுதியில் தங்கி, வெள்ளி பின்னேரம் திரும்பலாம். அதுவும் கடல் விட்டால்தான். எனக்கு நெடுந்தீவைப் பற்றி ஒரு பயமும் இல்லை. ஐந்து நாள் மாப்பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் பயம். அது செத்துப்போனால் வெள்ளிக்கிழமைகளில் நான் எதற்காக வீட்டுக்கு வரவேண்டும்? கதவைத் திறந்து வெறும் அறையைப் பார்க்கவா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் வீட்டுக் கதவின் மேலதிகத் திறப்பைக் கொடுத்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். புருசன் தவறிவிட்டார், பிள்ளைகள் இரண்டும் பிரான்சில். மூன்று ஆடுகளும் அவருமாக இருக்கிறார். மீன் சாப்பாட்டு மணிகள் இருந்த டப்பாவைக் காட்டி, "ஒரு நாளைக்கு ஒருக்கா, நாலே நாலு மணி" என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தபோது மணம் முகத்தில் அடித்தது. தண்ணீர் கஞ்சியாகிக் கிடந்தது. அடிக் கல்லெல்லாம் வெள்ளையாக ஊறிப்போன மா. மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. குராமிக்குத் தண்ணீருக்கு மேலே வந்தும் மூச்சு எடுக்கத் தெரியும். வேறு மீனென்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

"என்ன போட்டனீங்கள் அக்கா?"

"புட்டுத்தான் பிள்ளை. உந்த நாலு மணி அதுக்கு எந்த மூலைக்கு? பாவமெல்லே, வாயில்லாச் சீவன்! காலமை அவிச்சதிலை ஒரு பிடி போட்டனான். கதிரையிலை இருந்து அதோடை கதைச்சுக் கதைச்சுப் போட்டன். சந்தோசமா வந்து தின்னுது."

"ஒரு நாளோ?"

"ஒவ்வொரு நாளும்தான். பின்னேரமும் கொஞ்சம்."

"உங்களுக்கு விசரோ அக்கா? அது மீனோ, உங்கடை ஆடோ? திறப்பைத் தாங்கோ இஞ்சாலை!"

அக்கா இடுப்புச் செருகலிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் எங்கள் வேலிப் படலையைத் திறக்கவில்லை. நானும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் விடமாட்டார்கள். நாய், பூனை, காகம், எல்லாவற்றுக்கும் ஒரு பிடி உண்டு. பசியோடு ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்பது இங்கே குணமில்லை, வியாதி. எனக்கும் அந்த வியாதி இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

ரவுன் மீன் கடைக்காரப் பெடியனிடம் போய்ச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரீச்சர், முதல்லை உந்த நீலக் கல்லைத் தூக்கி எறியுங்கோ. அடியிலை ஒரு அங்குல உயரத்துக்கு மண். அதுக்கு மேலை ஒரு அங்குல உயரத்துக்கு மணல். நிறையச் செடி நடுங்கோ. மீன் கழிக்கிறதைச் செடியின்ரை வேர் எடுக்கும். மண்ணிலை சின்னச் சின்னப் புழு வரும், அதை மீன் பொறுக்கித் தின்னும். அஞ்சு நாளென்ன, பத்து நாள் நீங்கள் இல்லாட்டிலும் தொட்டி தன்ரை பாட்டிலை இருக்கும்."

தன்ரை பாட்டிலை இருக்கும். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! செடிகள் இரண்டு வகை வாங்கினேன். ஒன்று நாடா மாதிரி நீள இலை, மற்றது வேலம்பாசி. பிறகு அவன் ஒரு பைக்கற்றை எடுத்துக் காட்டினான். வெளிநாட்டிலிருந்து வந்த தொட்டி மண்ணாம், கறுப்புக் குறுணி குறுணியாக இருந்தது.

"மண்ணும் இப்ப பைக்கற்றிலையோ? நாங்கள் மண்ணுக்கை பிறந்து வளர்ந்த ஆக்கள் தம்பி!" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். "ரீச்சர், வீட்டு மண் எண்டால் என்ன மண்ணெண்டு..." என்று அவன் பின்னால் ஏதோ சொன்னான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்.

புளியங்கூடல் இருக்கிற எங்கள் தீவில் ஒரு அடி தோண்டினால் வெள்ளைக் கல் வந்துவிடும். இங்கே மண் தானாகக் கிடைப்பதில்லை, ஆட்கள் ஆக்குவதுதான். பனையோலையைத் தாட்டு, ஆட்டெருவும் சாம்பலும் போட்டு, வருடக்கணக்காகப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் தீத்தித் தீத்தி எடுத்தால்தான் ஒரு பாத்தி உருப்படும். நல்ல மண் என்றால் எங்களுக்கு நன்றாகச் சாப்பிட்ட மண். குசினிக்குப் பின்னால் அம்மாவின் கத்தரிப் பாத்தி இருந்தது. வீட்டு வளவில் அதுதான் முதல்தர மண். கையில் எடுத்தால் கறுப்பாக, பொலபொலவென்று விழும். அம்மாவின் மண்ணிலேயே அம்மாவின் மீன் இருக்கட்டும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேலே போடக் கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளி வந்தேன். சிப்பித்தூள் மினுங்கும் வடிவான மணல்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. தண்ணீர் தெளிந்து, பச்சைச் செடிகளுக்கு நடுவே மாப்பிள்ளை போய்வந்தது. திங்கட்கிழமை படகில் இருந்தபடி எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறமாக நின்றது. செடிகள் கூழாகிக் கரைந்திருந்தன. மணலில் விரலை வைத்ததும் குமிழி குமிழியாகக் கிளம்பி, கூழ்முட்டை உடைந்த மாதிரி நாறியது. மாப்பிள்ளை ஒரு மூலையில் சரிந்து கிடந்தது. வாய் மட்டும் மேலே வந்து வந்து போனது. பொட்டெல்லாம் வெளிறிவிட்டது. மழைத்தண்ணீர்த் தாங்கியைத் திறந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினில் விட்டு, இரண்டு கையாலும் அதை ஏந்தி மாற்றினேன். கையில் பாரமே இல்லை. அப்படியே குசினி நிலத்தில் குந்தி இருந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் ஒருவர் இல்லை. அழுது முடிந்ததும் நானே எழும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கடைக்காரப் பெடியனுக்குப் போன் எடுத்தேன்.

"எரு போட்ட மண்ணோ! ஐயோ ரீச்சர், அது மீனுக்கு நஞ்செல்லோ! தொட்டிக்குப் பசியோடை கிடக்கிற மண்தான் வேணும். சாப்பாடு கண்ட மண் ஆகாது. மணல் எங்கத்தையான்?"

"கடற்கரை."

"அதுவும் பிழை. சிப்பியும் சுண்ணாம்பும் தண்ணியை இன்னும் கடினமாக்கும். மண்ணோ மணலோ, ஒரு பிடி எடுத்துப் புளிச்ச வினாகிரி விட்டுப் பாருங்கோ. நுரைச்சால் சுண்ணாம்பு கிடக்கு, வேண்டாம்."

அக்கா மேலிருந்து புட்டுப் போட்டார். நான் அடியிலிருந்து எருப் போட்டேன். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். அன்றைக்கே வேலிக்கரையில் போய் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே ஒரு பிசாசு இருக்கிறது, அது கால் எடுக்க விடாது.

தொட்டியைக் கழுவி, மழைத்தண்ணீர் மட்டும் விட்டு மாப்பிள்ளையை அதில் போட்டுவிட்டு, வினாகிரிப் போத்தலும் கையுமாக அலைந்தேன். எங்கள் வளவு மண் நுரைத்தது. கோயில் வீதி மண் நுரைத்தது. பனந்தோப்பு, வயற்கரை, பஸ் தரிப்பிடம், எல்லாம் சோடாப் போத்தல் மாதிரிச் சீறின. நெடுந்தீவில் பள்ளிக்கூட மதிலோரம் குந்தியிருந்து விட்டுப் பார்த்தேன். அங்கே மண்ணோடு மதிலும் சேர்ந்து நுரைத்தது. அது பவளக் கல்லில் கட்டிய மதில். ஊரில், ரீச்சருக்குத் தாய் போன பிறகு கொஞ்சம் மூளை தட்டிப்போட்டுது என்று கதை. அதை என் காதுபடவே கடையில் சொன்னார்கள். "ஓம், தட்டித்தான் போட்டுது. ஒரு வினாகிரிப் போத்தல் தாங்கோ" என்றேன்.

ஆவணி விடுமுறையில் எங்கள் ஊர்க் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயலுக்குப் போட ட்ரக்டரில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டியை உடைத்து வினாகிரி விட்டேன். நுரைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நாலைந்து குமிழி வந்தது, அவ்வளவுதான். வருடா வருடம் மழை கழுவிக் கழுவி அதன் உவரையும் சுண்ணாம்பையும் கொண்டுபோயிருக்க வேண்டும்.

"ரீச்சர், ஒரு லோட் இறக்கிவிடட்டோ?" என்று ட்ரக்டர்காரர் கேட்டார்.

"ஒரு வாளி காணும்."

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்தமுறை அவசரப்படவில்லை. பெடியன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதி வைத்துச் செய்தேன். கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரித்தேன். தண்ணீரில் ஊறவிட்டு, மிதந்த சருகு குப்பையை வடித்தேன். வெய்யிலில் சாக்கு விரித்துக் காயவைத்தேன். மறுபடி ஊறல், மறுபடி காய்ச்சல், ஆறு தடவை. மணலுக்கு, வீடு கட்ட வன்னியிலிருந்து வந்த ஆற்று மணலில் ஒரு வாளி கேட்டு வாங்கி, தண்ணீர் கண்ணாடியாகும்வரை கழுவினேன். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால் தாங்கியில் இருந்த மழைத்தண்ணீர். அடியில் மண், மேலே மணல், புதுச் செடிகள். மாப்பிள்ளை இரண்டு கிழமை பேசினில், மேலே சுளகு மூடி, சிறையில் இருப்பதுபோல் காத்திருந்தது. "பொறு, பொறு. இந்தமுறை அவசரம் இல்லை" என்று அதனோடு கதைத்துக்கொண்டே குசினி வேலை செய்தேன். கதைக்கிறேன் என்பதே ஒரு நாள் சடுதியாகத்தான் தெரிந்தது. அக்காவைப் போலத்தான் நானும்.

மாப்பிள்ளையை விட்டு மூன்றாம் கிழமை, தொட்டியின் பின் மூலையில் நான் நடாத ஒன்று முளைத்தது. மாந்தளிர் நிறத்தில் சுருண்ட ஒரு இலை, மறுகிழமை இரண்டு. உற்றுப் பார்த்தபோது பிடிபட்டது. கொட்டி! மாரியில் எங்கள் குளத்தில் மிதக்குமே, அதே கொட்டி. சுண்டுவிரல் நுனியளவு கிழங்கு ஒன்று அரிதட்டுக்கும் தப்பி, ஆறு தடவை என் வெய்யிலுக்கும் தப்பி வந்திருக்கிறது. யாரிடமாவது காட்டவேண்டும் போல் மனம் துடித்தது. வேலிவரை போனேன். அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றார். அவர் நிமிரவில்லை, நானும் கூப்பிடவில்லை. போனில் ஒரு படம் எடுத்தேன். அனுப்ப ஆளில்லாமல் அது போனிலேயே கிடக்கிறது.

புரட்டாதி, ஐப்பசி முழுக்கத் தொட்டி தன் பாட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறப்பேன், மாப்பிள்ளை வரும், விரலைத் தொடும். அது போதும் எனக்கு.

கார்த்திகையில் காற்று எழும்பியது. வியாழக்கிழமை காலை, இன்றைக்கு ஒரு படகுதான், பிறகு எப்போது என்று சொல்ல ஏலாது என்று இறங்குதுறையில் அறிவித்தார்கள். சிறுபிள்ளைக்காரருக்கு முதலிடம் கொடுத்தோம், அது நியாயம். பிறகு புருசன் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், பிறகு வயதுபோன தாய் தகப்பன் இருக்கிறவர்கள். நானே பின்னுக்கு நின்றேன். "ரீச்சருக்கு அவசரமில்லைத்தானே" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஏறினார். எனக்கு மீன் காத்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?

விடுதியில் தனியே எட்டு நாள். கரண்ட் இல்லை. கூரைத் தகரம் ஓயாமல் அடித்தது. வெளியே மாடுகள் மதில் மறைவில் ஒட்டிக்கொண்டு நின்றன. மாவும் சீனியும் இருந்தது, ரொட்டி சுட்டுத் தின்றேன். நான் பயந்தது அந்த யன்னலுக்கு. எங்கள் முன்னறை யன்னலின் வெளிப்பக்கப் பலகைக் கதவுக்குக் கொளுக்கி சரியில்லை. காற்றில் அது வந்து அடித்தால் உள்ளே கண்ணாடி உடையும், உடைந்தால் தொட்டிக்குள்ளேதான் விழும். மூடிக்கொண்டு நின்றாலும் வெளிச்சம் இல்லாமல் செடி அழுகும், பிறகு அந்தக் கூழ்முட்டை மணம்தான். அக்காவின் நம்பர் போனில் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். திறப்பைப் பறித்துக்கொண்டு வந்தவள் எந்த முகத்தோடு கதைப்பது? கடைசியில் போனும் சார்ஜ் இறங்கிச் செத்தது. அந்த எட்டு நாளில் என்னைத் தேடி ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை என்பதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மறுகிழமை வெள்ளி கடல் விட்டது. வீட்டை விட்டுப் போய்ப் பன்னிரண்டாம் நாள். பஸ்ஸால் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். கதவைத் திறக்க முன் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெல்ல இழுத்துப் பார்த்தேன். மணம் இல்லை.

தண்ணீர் தெளிவாக நின்றது. நாடா இலைகள் மேலே வந்து மடிந்திருந்தன. கொட்டி நாலைந்து இலைகளை மிதக்க விட்டிருந்தது. நடுவே மாப்பிள்ளை, பொட்டு இரண்டும் கறுகறுவென்று, முன்பைவிடக் கொழுப்பாக, மணலில் எதையோ கொத்திக்கொண்டு நின்றது. "மாப்பிள்ளை!" என்றேன். கண்ணாடியில் விரலை வைத்தேன். அது திரும்பவில்லை. இலை மறைவுக்குள் போய், வேறு எதையோ நூலால் தடவிக்கொண்டிருந்தது.

சந்தோசப்பட வேண்டியவள் நான். இதற்காகத்தானே ஊரெல்லாம் வினாகிரி ஊற்றினேன்! நான் இல்லாமல் இருக்கப் பழக்கினேன், அது பழகிவிட்டது. சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். இந்த வீட்டுக்கு நான் தேவையில்லை என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொன்னது.

அப்போதுதான் யன்னலைக் கவனித்தேன். வெளிப்பலகைக் கதவு அகலத் திறந்தபடி, சுவரோடு சேர்த்து, கம்பியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எழும்பி வெளியே போய்ப் பார்த்தேன். ஆடு கட்டும் கயிறு. மூன்று முடிச்சு. யன்னலுக்குக் கீழே சேற்றில் குதிக்கால் பதிந்த தடங்கள். ஒரு நாள் தடம் இல்லை, மேலே மேலே பல நாள் தடம்.

மேலதிகத் திறப்பை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவின் படலையைத் திறந்தேன். அவர் குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"காத்துக்கை உடைஞ்சுபோம் எண்டு கட்டினனான். உள்ளுக்கை போகேல்லை. ஒண்டும் போடேல்லை" என்றார்.

திறப்பை மேசையில், அன்றைக்கு அவர் என் மேசையில் வைத்ததுபோலவே வைத்தேன்.

"புட்டு அவிக்கிறியளோ அக்கா?"

"ஓம். ஏன், மீனுக்கோ?"

"இல்லை. எனக்கு."

அக்கா கையைக் கழுவினார். ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துத் துடைத்து எனக்கு முன்னால் வைத்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம்.

"அது வாயில்லாச் சீவன் எண்டபடியால்தான் கேக்காமல் போட்டனான். உமக்கு வாய் கிடக்கெல்லே பிள்ளை? இவ்வளவு நாளும் கேட்டிருக்கலாமே."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். புட்டு அவிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.